உப்புக்கண்டம்: வெயிலும் கிருமியும் ஓடும் பந்தயம்

மாணவ நண்பர்களே, ஒரு புதிரோடு தொடங்குவோம்.

பழனிக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர் ஆயக்குடி. கொய்யாச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டு, ஐப்பசி மாதத்தில் வீட்டில் உப்புக்கண்டம் போட்டார்கள். காலையில் நல்ல வெயில் இருந்தது. நண்பகலுக்குள் மேகம் திரண்டு மழை பிடித்துக்கொண்டது. கொடியில் தொங்கிய கறியை அவசரமாக இறக்கி, ஒரு தவலையில் போட்டு மூடி, அடுப்படியில் வைத்தார்கள். இரண்டு நாள் சூரியன் முகமே காட்டவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வெயில் கொளுத்தியது. கறியும் கல் போலக் காய்ந்தது. கெட்ட வாடை எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கறியை அம்மா நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தார். சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் வீட்டில் நான்கு பேருக்கு வாந்தி. எனக்கும்தான். மறுநாள் எல்லோரும் தெளிந்துவிட்டோம். ஆனால் அப்பத்தா கேட்ட கேள்வி மட்டும் தெளியவில்லை: "கொதிக்கிற எண்ணெயில போட்டு எடுத்தோமே, அதுல எந்தக் கிருமி பொழைச்சிருக்கும்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்த விடையை நாம் படிப்படியாகக் கண்டுபிடிப்போம்.

உப்புக்கண்டம் என்பது என்ன?

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாத கறியை என்ன செய்வது? கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் பிசறி, ஊசியால் நூலில் கோத்து, வெயிலில் கொடிகட்டித் தொங்கவிடுவார்கள். சில நாளில் கறி கறுத்து, சுருங்கி, விறைத்துவிடும். பானையிலோ தகர டப்பாவிலோ போட்டு வைத்து, வேண்டியபோது எடுத்துத் தட்டி வறுக்கலாம், குழம்பிலும் போடலாம். எங்கள் வீட்டில் பெரும்பாலும் மாட்டுக்கறியில் போடுவார்கள். ஆட்டுக்கறியில் போடும் வீடுகளும் உண்டு. எந்தக் கறியானாலும் இயற்பியல் ஒன்றுதான்.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் இப்படிக் காயவைத்த இறைச்சியைக் கெச்சுவா மொழியில் 'சார்க்கி' என்றார்கள். அச்சொல்லே ஆங்கிலத்தில் 'ஜெர்க்கி' ஆனது. தென் ஆப்பிரிக்காவில் இதன் பெயர் பில்டாங். நம் சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துப் பெண்கள், காயும் மீனைப் பறவைகள் கொத்தாமல் ஓட்டுவதை உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார். கடலோரத்தில் கருவாடு, உள்நாட்டில் உப்புக்கண்டம்.

கறி ஏன் கெடுகிறது?

கொழுப்பு நீக்கிய பச்சைக் கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ கறி வாங்கினால் 750 கிராம் தண்ணீர் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 250 கிராம்தான் புரதம் முதலிய திடப்பொருள். இந்தத் தண்ணீரும் புரதமும் நமக்கு உணவாவது போலவே பாக்டீரியாவுக்கும் உணவாகின்றன.

பாக்டீரியா இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். நல்ல சூடும் ஈரமும் கிடைத்தால் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 16 முறை இரட்டிப்பு. 2-ஐ 16 முறை பெருக்கிப் பாருங்கள்: 65,536. காலையில் ஒன்றாக இருந்தது மாலையில் அறுபத்தைந்தாயிரம்! ஆகவே கறியைக் காயவைப்பது ஒரு பந்தயம். ஒரு பக்கம் பாக்டீரியா பெருகுகிறது. மறுபக்கம் தண்ணீர் வெளியேறுகிறது. எது முந்துகிறது என்பதே கேள்வி.

உப்பு என்ன செய்கிறது?

உப்பு கிருமிகளைக் கொன்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கொல்வதில்லை, பட்டினி போடுகிறது. எப்படி?

ஒரு மூடிய பாத்திரத்தில் தூய நீர் இருந்தால், அதன் மேலுள்ள காற்றில் நீராவி நிரம்பி, ஓர் அழுத்தத்தில் நிலைபெறும். அந்த நீரில் உப்பைக் கரைத்தால் ஆவியழுத்தம் குறையும். உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்வதே காரணம். கறியின் மேலுள்ள ஆவியழுத்தத்தைத் தூய நீரின் ஆவியழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை 'நீர்ச் செயல்பாடு' என்பார்கள். தூய நீருக்கு இது 1. கிருமிகளுக்குப் பயன்படும்படி தண்ணீர் எவ்வளவு 'சும்மா' கிடக்கிறது என்பதை இந்த எண் சொல்கிறது. ஒரு பொருளில் தண்ணீர் எத்தனை கிராம் என்பது முக்கியமல்ல, அதில் எவ்வளவு கட்டுப்படாமல் கிடக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட். 1953-ல் அவர் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு, நீர்ச் செயல்பாடு ஏறக்குறைய 0.86-க்குக் கீழே போனால் அது பெருகுவதில்லை என்று கண்டார். அந்த பாக்டீரியாவின் பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-லேயே நின்றுவிடும். உப்பைத் தாங்குவதில் இந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கெட்டிக்காரன்.

இப்போது ஒரு கணக்கு. 1 கிலோ கறிக்கு 50 கிராம் உப்பு போடுகிறோம். 750 கிராம் தண்ணீரில் 50 கிராம் உப்பு என்றால் கரைசலின் செறிவு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். இதன் நீர்ச் செயல்பாடு சுமார் 0.96. பாக்டீரியாவுக்கு இது ஒரு தடையே அல்ல! ஆனால் கறி காயும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. தண்ணீர் 200 கிராமாகக் குறைந்தால் செறிவு 20 சதவீதம், நீர்ச் செயல்பாடு சுமார் 0.84. அபாயக் கோட்டைத் தாண்டிவிட்டோம். இன்னும் காய்ந்து தண்ணீர் 150 கிராம் ஆனால் செறிவு 25 சதவீதம். அதாவது கரைசல் ஏறக்குறைய தெவிட்டிவிட்டது. தெவிட்டிய உப்புக் கரைசலின் நீர்ச் செயல்பாடு 0.75. இங்கே எந்த நோய்க் கிருமியும் பெருக முடியாது.

பார்த்தீர்களா? உப்பு மட்டும் போதாது. வெயில் மட்டும் என்றால் வெகுநேரம் ஆகும். இரண்டும் சேரும்போது, ஆவியாகும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் மிச்சமிருக்கும் கரைசலின் உப்பை ஏற்றிவிடுகிறது.

வெயிலா, காற்றா?

750 கிராம் தண்ணீர் 150 கிராம் ஆக வேண்டுமானால் 600 கிராம் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. மொத்தம் 14,40,000 ஜூல். இது சுமார் ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். விறகு எரித்தால் செலவு. உச்சி வெயிலோ ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு ஏறக்குறைய 1000 ஜூல் இலவசமாகக் கொட்டுகிறது.

ஆனால் வெப்பம் மட்டும் போதாது. கிளம்பிய ஆவியைக் காற்று ஏற்றுக்கொள்ள வேண்டும். 35 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக 40 கிராம் நீராவியைத் தாங்கும். ஆயக்குடியில் ஒரு கோடை நாளில் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், 16 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் 24 கிராமுக்கு இடம் உண்டு.

இப்போது பழனியிலிருந்து மலைச்சாலையில் 64 கிலோமீட்டர் ஏறிக் கொடைக்கானலுக்குப் போவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர் உயரம். பனிமூட்டமான ஒரு நாளில் வெப்பநிலை 15 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்று கொள்வோம். 15 டிகிரியில் காற்று தாங்குவதே 13 கிராம்தான். அதிலும் மீதி இடம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். அடிவாரத்தில் 24, மலை மேல் 1.3. ஏறக்குறைய 18 மடங்கு வேறுபாடு! அடிவாரத்தில் காயும் கறி அங்கே காயாது என்பதில் வியப்பில்லை.

"அப்படியானால் குளிர்ந்த லடாக்கில் இறைச்சியைக் காயவைக்கிறார்களே, எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கே காற்று மிக வறண்டது. குளிரில் கறி மெதுவாகத்தான் காயும். ஆனால் அதே குளிரில் கிருமிகளும் முடங்கிக் கிடக்கும். பந்தயத்தில் இருவருமே மெதுவாக ஓடுகிறார்கள். நமது ஐப்பசி மழையிலோ காற்றில் ஈரம் நிரம்பியிருக்கும், சூடும் இருக்கும். கறி காயாது, கிருமி மட்டும் ஓடும். ஒரு பந்தயத்துக்கு இதைவிட மோசமான நாள் கிடையாது.

கனம் இருமடங்கு, காலம் நான்கு மடங்கு

வெயில் இவ்வளவு வெப்பம் கொட்டியும் ஏன் மூன்று, நான்கு நாள் ஆகிறது? மேற்பரப்பு விரைவில் காய்ந்துவிடும். கறியின் நடுவில் இருக்கும் தண்ணீர் மேற்பரப்புக்கு வந்துசேர்வதுதான் தாமதம்.

தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் கூட்டத்தின் நடுவே சிக்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நேராக நடக்க முடியாது. ஒரு அடி முன்னே, இரண்டு அடி பக்கத்தில், ஒரு அடி பின்னே என்று தள்ளப்படுவார். கறிக்குள் நீர் மூலக்கூறின் நிலையும் இதுவே. இதற்கு விரவல் என்று பெயர். இப்படித் திக்கின்றி நகர்பவர் இருமடங்கு தூரம் கடக்க நான்கு மடங்கு காலம் ஆகும். மும்மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு. அதாவது காலம், தூரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது.

ஆகவே 10 மில்லிமீட்டர் கனமுள்ள கீற்றின் நடுப்பகுதி காய நான்கு நாள் ஆகுமானால், 5 மில்லிமீட்டர் கீற்றுக்கு ஒரு நாள் போதும். கத்தியைச் சற்று மெல்லிதாக ஓட்டுவதால் மூன்று நாள் மிச்சம்!

நூலில் கோத்துத் தொங்கவிடுவது ஏன் என்றும் இப்போது புரியும். பாயில் பரப்பினால் மேல்பக்கம் மட்டுமே காயும். அடிப்பக்கத்து நீர் முழுக் கனத்தையும் கடந்து வரவேண்டும். தொங்கவிட்டால் இரு பக்கமும் வழி திறந்திருக்கிறது, கடக்கவேண்டிய தூரம் பாதி. காலமோ கால் பங்கு. அப்பத்தா விரவல் விதியைப் படித்ததில்லை. ஆனால் ஊசியும் நூலும் எடுத்தபோதெல்லாம் அந்த விதியைப் பயன்படுத்தினார்.

கனமான துண்டில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. கடும் வெயிலில் மேற்பரப்பு வேகமாக இறுகி ஓடு போல ஆகிவிடும். அந்த ஓடு உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. தொட்டால் கல், உள்ளே ஈரம்.

புதிருக்கு விடை

இனி அந்த ஐப்பசிக் கறிக்கு வருவோம். அது அரைநாள் மட்டுமே காய்ந்தது. நீர்ச் செயல்பாடு 0.9-க்கு மேலேயே இருந்திருக்கும். பிறகு மூடிய தவலையில், அடுப்படியின் வெதுவெதுப்பில், இரண்டு நாள். மற்றப் பல கிருமிகளை உப்பு தடுத்திருக்கும். ஆனால் நாம் நினைவில் வைத்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அந்த உப்பிலும் சுகமாகப் பெருகும். போட்டிக்கு ஆள் இல்லாத மைதானம் அதற்கு!

அது எங்கிருந்து வந்திருக்கும்? நம்மிடமிருந்துதான். பலருடைய மூக்கிலும் தோலிலும், விரலில் உள்ள புண்ணிலும் அது குடியிருக்கிறது. கறியை அரியும் கை அதைக் கறிக்குக் கொடுத்துவிடும். பெருகும்போது அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. பின்னால் வந்த வெயில் அதன் பெருக்கத்தை நிறுத்தியது. கொதிக்கும் எண்ணெய் அதைக் கொன்றது. ஆனால் நஞ்சு உயிர் அல்ல, வெறும் புரதம். அதிலும் சூட்டுக்கு எளிதில் அழியாத புரதம். கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கக்கூடியது. கிருமி செத்தது, அது விட்டுப்போன நஞ்சு சாகவில்லை.

இந்த நஞ்சு உடலில் புகுந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வாந்தி வரும், ஒரு நாளில் தெளிந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்ததும் அப்படியே. அன்று யாரும் அந்தக் கறியைச் சோதனைக்கூடத்தில் சோதிக்கவில்லை. ஆனால் நேரமும் குறிகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அப்பத்தாவின் கேள்வியில் தவறில்லை. எந்தக் கிருமியும் பிழைக்கவில்லை. பிழைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பந்தயம் முதல் நாளிலேயே தோற்றுப்போயிருந்தது. பிறகு எவ்வளவு காய்ந்தாலும், எவ்வளவு வறுத்தாலும், தோற்ற பந்தயத்தை வெல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான அபாயமும் உண்டு. காய்ந்த கறியில் கிருமிகள் பெருகுவதில்லையே தவிர, எல்லாம் செத்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் ஜெர்க்கியை வறுக்காமல் அப்படியே மெல்லுவார்கள். 1995-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மாட்டிறைச்சி ஜெர்க்கி தின்ற பலருக்கு சால்மோனெல்லா நோய் வந்தது. அதனால் அந்நாட்டு வேளாண்மைத் துறை, காயவைக்கும் முன்பே இறைச்சியை 71 டிகிரி வரை சூடாக்கச் சொல்கிறது. நாம் கடைசியில் வறுக்கிறோம் அல்லது குழம்பில் கொதிக்கவைக்கிறோம். சால்மோனெல்லாவுக்கு அந்தப் பூட்டு போதும். ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சுக்கு அது போதாது. இரண்டு கள்வருக்கும் இரண்டு பூட்டு வேண்டும்: முதல் நாளில் வேகமாகக் காயவைப்பது ஒன்று, உண்ணும்முன் நன்றாகச் சமைப்பது மற்றொன்று.

நல்ல உப்புக்கண்டத்துக்கு நான்கு விதிகள்

முதலாவது, நாளைத் தேர்ந்தெடுங்கள். வறண்ட காற்றும் தொடர்ந்த வெயிலும் உள்ள நாட்களே ஏற்றவை. காலையில் கறி வாங்கி, கையைச் சோப்பால் கழுவி, உடனே அரிந்து, உப்பிட்டு, வெயில் ஏறும்முன் கொடியில் ஏற்றிவிட வேண்டும். விரலில் புண் உள்ளவர் கறியைத் தொடக்கூடாது. நடுவில் மழை பிடித்துக்கொண்டால், பாதி காய்ந்த கறியை மூடி வைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கீற்றின் கனம் 5 மில்லிமீட்டருக்கு மிகவேண்டாம். கொழுப்பை நீக்கிவிடுங்கள். கொழுப்பில் உப்பு கரையாது. அது காற்றுப்பட்டுச் சிக்கு வாடையும் அடிக்கும். ஈ மொய்க்காமல் கொசுவலைத் துணியால் சுற்றிலும் மறைக்கலாம். காற்று மட்டும் தடையின்றிப் போகட்டும்.

மூன்றாவது, கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். 1 கிலோ கறியும் 50 கிராம் உப்புமாகத் தொடங்கியது 450 கிராமுக்கு இறங்கினால்தான் நம் கணக்கின்படி காய்ந்ததாகப் பொருள்: திடப்பொருள் 250, உப்பு 50, தண்ணீர் 150. கறி கறுத்துவிட்டது என்பது சான்றாகாது.

நான்காவது, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். தெவிட்டிய கரைசலின் நீர்ச் செயல்பாடு 0.75 என்று மேலே பார்த்தோம். இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே ஆவியழுத்தத்தைத்தான் குறிக்கின்றன. ஆயக்குடியில் கல்லாக இருந்த கண்டம் கொடைக்கானல் பனியில் திறந்து வைத்தால் பிசுபிசுப்பதற்கு இதுவே காரணம்.

செய்து பாருங்கள்

கறி வேண்டாம். ஓர் உருளைக்கிழங்கு போதும். ஆயக்குடிப் பக்கத்து மாணவர்கள் செங்காய்ப் பதத்தில் உள்ள கொய்யாவை எடுத்துக்கொள்ளலாம். 4 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று இரண்டு கனத்தில் வில்லைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து, நூலில் கோத்து, ஒரே வெயிலில் தொங்கவிடுங்கள். மணிக்கு ஒருமுறை எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லையும் தன் எடையில் பாதியை இழக்க எவ்வளவு நேரம் ஆகிறது? கனமான வில்லைக்கு இருமடங்கா, நான்கு மடங்கா?

பெரும்பாலும் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும். தொடக்கத்தில் மேற்பரப்பின் ஈரம் தாராளமாக ஆவியாவதால் அங்கே காற்றின் வேகமே ஆட்சி செய்கிறது. அந்தக் கட்டத்தில் விகிதம் இரண்டு. பிறகு உள்ளிருக்கும் நீர் விரவி வருவதற்குக் காத்திருக்க வேண்டும். அங்கே விகிதம் நான்கு. வரைபடத்தாளில் எடையை நேரத்துக்கு எதிராகக் குறித்தால், கோடு எங்கே வளையத் தொடங்குகிறதோ அங்கேதான் ஆட்சி மாறுகிறது.

எங்கள் வீட்டில் இப்போதும் உப்புக்கண்டம் போடுகிறோம், மாசி, பங்குனி வெயிலில். அரிவதற்கு முன் கத்தியைத் தீட்டுவது என் வேலை. கொடியில் ஏற்றும்முன் ஒரு கீற்றின் கனத்தை அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான்.